18 சீட் அலுவலகத்துக்கு ஒரு லினக்ஸ் சர்வர்: எதை வாங்குவது, எதை விடுவது

கேட்டது இதுதான். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம், 18 சீட், எல்லாமே நான்காம் தலைமுறை ஐ3 மிஷின், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 இந்த மிஷின்களில் முறையாக ஏறாது. ஒரு வெண்டர் வந்து, 18 தின் கிளையன்ட் பெட்டி (திரையைக் காட்டுவதற்கு மட்டும் இருக்கும் சின்னப் பெட்டி), ஒரு பெரிய லினக்ஸ் சர்வர், எல்லோரும் சர்வரிலேயே வேலை செய்வார்கள், இனி மேசை மேசையாகப் போய் ரிப்பேர் பார்க்க வேண்டாம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். போடலாமா?

சர்வரைப் போடுங்கள், பெட்டிகள் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த இடத்தில் தவறான பாதியை வாங்கிவிட்டு, சில மாதத்திலேயே “லினக்ஸ் நமக்குச் சரிப்படாது” என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்ட அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கும்.

ஒரே சர்வரைப் பல பேர் பயன்படுத்த இரண்டு வழி இருக்கிறது, விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம். முதல் வழியில் புரோகிராம் ஓடுவது சர்வரில். உங்கள் மேசைக்கு வருவது திரையின் படம் மட்டும், நீங்கள் தட்டுவதும் கிளிக் செய்வதும் அங்கே போகின்றன. அசல் தின் கிளையன்ட் இதுதான். இரண்டாவது வழியில் மேசை மிஷினுக்கு ஹார்ட் டிஸ்க்கே தேவையில்லை, ஆன் செய்ததும் நெட்வொர்க் வழியாக சர்வரிலிருந்து லினக்ஸை எடுத்து பூட் ஆகும், உங்கள் ஃபைல்களும் சர்வரில்தான் இருக்கும், ஆனால் பிரவுசரும், எம்எஸ் ஆபிஸ் மாதிரியான லிப்ரே ஆபிஸும் ஓடுவது அந்த மேசை மிஷினின் சிபியுவிலும் ரேமிலும். இதை டிஸ்க்லெஸ் என்பார்கள், ஃபேட் கிளையன்ட் என்றும் சொல்வார்கள். பராமரிப்பவருக்கு இரண்டிலும் கிடைக்கும் நிம்மதி ஒன்றுதான்: சாஃப்ட்வேர் ஒரே இடத்தில், டேட்டா ஒரே இடத்தில், ஒரு மிஷின் படுத்துவிட்டால் பக்கத்து மிஷினில் அதே பெயரில் லாகின் செய்து வேலையைத் தொடரலாம். அந்த நிம்மதிக்காக 18 பெட்டிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, உங்களிடம் இருக்கும் ஐ3 மிஷின்களே போதும்.

தின் கிளையன்ட் மிகச் சரியான யோசனையாக இருந்த காலம் ஒன்று உண்டு. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1984-ல் தொடங்கிய, திரையைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் அடிப்படையே புரோகிராம் ஒரு மிஷினில், திரை இன்னொரு மிஷினில் இருக்கலாம் என்பதுதான். ஜிம் மெக்வில்லன் 1999-ல் எல்டிஎஸ்பி, அதாவது லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்டைத் தொடங்கியபோது, காயலான் கடைக்குப் போக வேண்டிய மிஷின்கள் எல்லாம் அதனால் டெர்மினல்களாக மறுபடி உயிர் பெற்றன. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் லார்கோ என்று ஒரு ஊர், அதன் நகராட்சி நூற்றுக்கணக்கான ஊழியர்களைப் பல வருடம் லினக்ஸ் தின் கிளையன்டில்தான் வேலை செய்ய வைத்தது. லார்கோவை உதாரணம் காட்டும் வெண்டர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: அங்கே எல்லாவற்றையும் ஒரே சர்வரில் கொட்டவில்லை, பிரவுசருக்கு ஒரு சர்வர், டாக்குமென்டுக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று என்று பிரித்து வைத்து, முழு நேரமும் அதைக் கவனிக்க ஆட்களும் இருந்தார்கள். அப்புறம் எல்டிஎஸ்பியே மாறிவிட்டது. 2019-ல் அதை அடியோடு திருப்பி எழுதியவர் அல்கிஸ் ஜார்ஜோபுலோஸ், கிரேக்கப் பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர் லேபுகளோடு நெருங்கிப் பழகியவர். அந்தப் புதிய எல்டிஎஸ்பியில் டிஸ்க்லெஸ்தான் இயல்பான வழி, சர்வரில் ஓட்டித் திரையை மட்டும் அனுப்புவது வேண்டுமென்றால் நீங்கள் ஆர்டிபி, எக்ஸ்2கோ மாதிரி திரை அனுப்பும் முறை ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றத்துக்குக் காரணம் பிரவுசர். உங்கள் மெர்ச்சண்டைசர் காலையில் வந்து உட்கார்ந்ததும் எதையெல்லாம் திறக்கிறார் என்று பாருங்கள். ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், பையரின் போர்ட்டல், கூரியர் டிராக்கிங், ஒரு கூகுள் ஷீட், நடுவில் சாம்பிள் வீடியோ ஒன்று. முழு எச்டி திரை என்பது 1920-க்கு 1080, ஒரு புள்ளிக்கு 4 பைட், ஆக ஒரு முழுப் படம் சுமார் 83 லட்சம் பைட். நொடிக்கு 25 படம் என்றால் 20 கோடி பைட்டுக்கு மேல், அதாவது 1.6 ஜிகாபிட். பழைய எக்ஸ் முறையில் சுருக்காமல் அனுப்பினால் ஒரே ஒரு ஆள் முழுத் திரையில் வீடியோ பார்ப்பதற்கே உங்கள் ஜிகாபிட் கேபிள் பத்தாது. ஆர்டிபி மாதிரி நவீன முறைகள் படத்தைச் சுருக்கி அனுப்பும், உண்மைதான், ஆனால் அந்தச் சுருக்கும் வேலையையும் 18 பேருக்கும் சேர்த்து உங்கள் சர்வரின் சிபியுதான் செய்தாக வேண்டும். அதே வீடியோவை மேசை ஐ3 மிஷின் தன் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை வைத்து சத்தமில்லாமல் ஓட்டிவிடும்.

ரேம் கணக்கும் இதே மாதிரிதான். பொதுச் சர்வரில் 18 பேர் லிப்ரே ஆபிஸ் திறந்தால், அந்த புரோகிராமின் கோடு (code) மெமரியில் ஒரே ஒரு தடவைதான் இருக்கும், எல்லோரும் அதைப் பகிர்ந்துகொள்வார்கள், அதனால் இரண்டாவது ஆளுக்கு அது சட்டென்று திறக்கும். இதைக் காட்டித்தான் டெமோ கொடுப்பார்கள். பிரவுசரில் அந்தப் பகிர்வு பெரிதாக உதவாது, ஏனென்றால் அங்கே மெமரியைத் தின்பது ஒவ்வொரு டேபுக்கும் உள்ளே இருக்கும் தனித்தனி பக்கம், படம், ஸ்கிரிப்ட். ஆளுக்கு 2 முதல் 3 ஜிபி என்று வைத்துக்கொண்டால் தின் கிளையன்ட் முறைக்கு 64 ஜிபி ரேமும் நிறைய கோர்களும் உள்ள சர்வர் வேண்டும். டிஸ்க்லெஸ் முறையில் சர்வரின் வேலை ஃபைல் கொடுப்பது மட்டும்தான் என்பதால் 8 கோர், 32 ஜிபி, இரண்டு என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) டிஸ்கை மிரர் செய்து, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதும்படி போட்டால் தாராளம். மிச்சப்படும் பணத்தில் ஒவ்வொரு ஐ3-க்கும் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம் வாங்கிப் போடுங்கள். 4 ஜிபியோடு ஓட்டலாம், ஆனால் டிஸ்க்லெஸ் மிஷினில் ஸ்வாப் (ரேம் பத்தாதபோது டிஸ்கைப் பயன்படுத்துவது) கிடையாது என்பதால் ரேம் தீர்ந்தால் அப்படியே உறைந்து நிற்கும். ரேமுக்குள்ளேயே டேட்டாவைச் சுருக்கி வைக்கும் ஸீரேமைப் போட்டுவிடுங்கள், அல்லது பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் உயிரோடு இருந்தால், மாற்றம் எல்லாம் முடிந்த பிறகு அதை ஸ்வாப்புக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

பெட்டிகளுக்கு ஆதரவாக வெண்டர் சொல்வதில் ஒன்று நியாயமானது: கரண்ட். தின் கிளையன்ட் பெட்டி பத்துப் பதினைந்து வாட்டில் ஓடும், பழைய டெஸ்க்டாப் ஐம்பது வாட்டுக்குப் பக்கத்தில் இழுக்கும். சீட்டுக்கு 40 வாட் வித்தியாசம் என்று வைத்தால், 18 சீட், நாளுக்கு 9 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள், மொத்தம் 1,944 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் வருஷம் 19,440 ரூபாய், சின்னத் தொகை இல்லை. ஆனால் இதற்காக இன்றைக்கே 18 பெட்டியை வாங்குவதைவிட, ஒவ்வொரு ஐ3 சாகும்போதும் அதன் இடத்தில் செகண்ட் ஹேண்ட் மினி பிசி ஒன்றை, 8 ஜிபியோடு, வையுங்கள். அதுவும் குறைந்த கரண்டில் ஓடும், நெட்வொர்க்கில் பூட் ஆகும், டிஸ்க்லெஸ் சீட்டாகவும் இருக்கும், நாளைக்குத் திட்டம் மாறினால் தனி மிஷினாகவும் நிற்கும். பிராண்டட் தின் கிளையன்ட் பெட்டிகள் பலவற்றில் அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரைத் தவிர வேறு எதையும் ஏற்றுவது பெரும்பாடு.

அடுத்தது டாலி. கணக்குப் பகுதியில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள், அவர்களுக்கு டாலி இல்லாமல் ஒரு நாள் ஓடாது, டாலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஒயினில் (விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டும் கருவி) ஓட்டுகிறார்கள் என்று யாராவது சொல்வார்கள், ஓடவும் செய்யலாம், ஆனால் அலுவலகத்தின் கணக்கை அதை நம்பி வைக்காதீர்கள். ஒரு விண்டோஸ் சர்வரை வைத்து, அதில் டாலி போட்டு, கணக்குப் பகுதி ஆட்கள் தங்கள் லினக்ஸ் சீட்டிலிருந்து ரெமினா என்ற புரோகிராம் வழியாக ஆர்டிபியில் நுழையட்டும். பார்த்தீர்களா, இங்கே தின் கிளையன்ட் முறையே சரி, ஏனென்றால் டாலியின் திரை எளிமையானது, வீடியோ கிடையாது, டேட்டா ஒரே இடத்தில் இருந்தால்தான் நல்லது. லைசென்ஸில் கவனம்: சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம், விண்டோஸ் சர்வரில் சும்மா கிடைக்கும் இரண்டு ரிமோட் இணைப்பும் நிர்வாக வேலைக்கு மட்டும், மற்றவர்களுக்கு ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) லைசென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். வெண்டரின் கொட்டேஷனில் அந்த வரி இல்லையென்றால் கேளுங்கள். டாலியின் பல பயனர் லைசென்ஸும் தனி.

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், பேட்டர்ன் போடும் கேட் (CAD) மிஷின், மேக்ரோ நிறைந்த காஸ்டிங் எக்செல் ஷீட், இந்த மூன்றையும் லினக்ஸுக்கு இழுக்க முயற்சி செய்யாதீர்கள். ஒன்றிரண்டு விண்டோஸ் மிஷின் மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாவற்றையும் மாற்றியே தீருவேன் என்று நிற்பவர்கள்தான் கடைசியில் எதையும் மாற்ற முடியாமல் போகிறார்கள்.

நெட்வொர்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த அமைப்பில் எல்லா மிஷினின் நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் சுவிட்ச்தான் உங்கள் ஹார்ட் டிஸ்க் கேபிள். 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் ஒன்று எங்காவது மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும், பிரின்டருக்காக எப்போதோ வாங்கிப் போட்டது, அதைத் தேடி எடுத்து வெளியே போடுங்கள். அது நொடிக்கு 12 எம்பிதான் தரும், ஜிகாபிட்டில் 110-க்கு மேல் கிடைக்கும். காலை ஒன்பதரைக்கு 18 பேரும் ஒரே நேரத்தில் ஸ்விட்சைத் தட்டுவார்கள். ஒரு மிஷின் பூட் ஆக 300 எம்பி இழுக்கிறது என்று வைத்தால் மொத்தம் 5.4 ஜிபி, ஜிகாபிட்டில் ஒரு நிமிஷத்துக்குள் முடியும். அதே வேலை 100 எம்பிபிஎஸ்ஸில் ஏழெட்டு நிமிஷம். முடிந்தால் சர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒரு இணைப்பை மட்டும் 10 ஜிகாபிட்டாக்குங்கள். வைஃபையில் இதைச் செய்யலாமா என்று கேட்பார்கள், கூடாது, இந்த மிஷின்கள் பூட் ஆவதே கேபிள் வழியாகத்தான்.

இருக்கும் ரவுட்டரின் டிஎச்சிபியை, அதாவது மிஷின்களுக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்கும் வேலையை, தொட வேண்டியதில்லை. சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற புரோகிராமை பிராக்சி முறையில் வைத்தால் ரவுட்டர் ஐபி கொடுக்கும், உங்கள் சர்வர் எங்கிருந்து பூட் செய்வது என்பதை மட்டும் சொல்லும்.

பூட் இமேஜை, அதாவது 18 சீட்டும் எடுத்து பூட் ஆகும் லினக்ஸின் ஒரே பிரதியை, சர்வரிலிருந்தே நேரடியாக எடுக்க எல்டிஎஸ்பி அனுமதிக்கும், சுலபமும் கூட. நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். அந்த இமேஜை நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் இறக்கிப் பிரித்துப் பார்க்கலாம், சர்வரின் கட்டமைப்பு ஃபைல்கள், ஏதாவது பாஸ்வேர்டு எழுதிவைத்த ஃபைல் எல்லாம் அதில் போய்விடக் கூடாது. ஒரு விர்ச்சுவல் மிஷினில் (சாஃப்ட்வேரிலேயே உருவாக்கும் மிஷின்) டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ, இரண்டும் லினக்ஸ் வகைகள், சுத்தமாக நிறுவி, அலுவலகத்துக்கு வேண்டியதை அதில் போட்டு, அதிலிருந்து இமேஜ் எடுங்கள். புதிதாக ஏதாவது போட வேண்டுமா, விர்ச்சுவல் மிஷினில் போட்டு இமேஜைத் திரும்ப எடுத்தால் போதும், மறுநாள் காலை 18 சீட்டிலும் இருக்கும். புது இமேஜ் சொதப்பினால் பழைய இமேஜ் பக்கத்திலேயே இருக்கும், பெயரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையைச் சொல்லாததற்குக் காரணம், 22.04 பதிப்பிலிருந்து அதில் பயர்பாக்ஸ் பிரவுசர் ஸ்னாப் என்ற தனி வடிவத்தில்தான் வருகிறது, ஹோம் ஃபோல்டர் (ஒவ்வொருவரின் சொந்த ஃபைல்கள் இருக்கும் இடம்) நெட்வொர்க்கில் இருந்தால் ஸ்னாப் தொல்லை கொடுக்கும். டெஸ்க்டாப் தோற்றத்துக்கு இலேசான எக்ஸ்எஃப்சிஇ அல்லது மேட்டே, கனமான நோமின் (GNOME) பளபளப்பு இந்த மிஷின்களுக்கு வேண்டாம்.

ஒரே லாகினை இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது, இதில் மட்டும் கறாராக இருங்கள். “ஷிப்பிங்” என்று ஒரு பெயர், அதற்கு ஒரு பாஸ்வேர்டு, மூன்று பேர் என்ற பழக்கம் விண்டோஸில் தப்பித்துக்கொண்டிருந்திருக்கும். இங்கே ஹோம் ஃபோல்டர் ஒன்று, ஆகவே பயர்பாக்ஸ் புரொஃபைலும் ஒன்று. இரண்டாவது ஆள் திறக்கும்போது “பயர்பாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது” என்று நிற்கும். ஒரே ஆள் இருந்தாலும் இது வரலாம்: கரண்ட் போய் மிஷின் அணைந்து, அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தால் அதே செய்தி. புரொஃபைல் ஃபோல்டருக்குள் லாக் என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும், எந்த ஐபி, எந்த பிராசஸ் எண் என்று அது சுட்டும். பழைய சீட்டின் ஐபி அதில் அப்படியே நிற்பதால் பயர்பாக்ஸ் இன்னும் அங்கே ஓடுவதாக நினைத்துக்கொள்கிறது. அந்த மிஷின் உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த ஒரு இணைப்பை அழித்தால் திறந்துவிடும். லாகின் ஆகும்போதே பழைய லாக்கை இதே மாதிரி சரிபார்த்து நீக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை இமேஜில் வைத்துவிட்டால், “தம்பி, நெட் திறக்க மாட்டேங்குது” என்று வரும் போன்கள் பாதி குறையும்.

பொது ஃபைல்களுக்கு ஒரு பகிர்வு ஃபோல்டர், பிரிவுவாரியாக குரூப், ஒருவர் ஹோமை இன்னொருவர் பார்க்க முடியாதபடி பெர்மிஷன், ஆளுக்கு இவ்வளவு என்று டிஸ்க் கோட்டா. கோட்டா போடாவிட்டால் ஒருவர் சாம்பிள் போட்டோக்களாகவே இறக்கி டிஸ்கை நிரப்புவார், 18 பேருக்கும் ஃபைல் சேவ் ஆகாது. ஹோமுக்கு என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) வேகமானது, ஆனால் எளிய அமைப்பில் அது கிளையன்ட் சொல்லும் பயனர் எண்ணை அப்படியே நம்பிவிடும், யாராவது சொந்த லேப்டாப்பைச் செருகினால் இன்னொருவராக நடிக்க முடியும். அதனால் விருந்தினர் வைஃபையையும் சொந்த லேப்டாப்களையும் தனி விலேனுக்கு (சுவிட்சில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) தள்ளிவிடுங்கள்.

தமிழ் விஷயத்தில் இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸும் எம்17என்னும் போட்டு தமிழ்99 விசைப்பலகையை இமேஜில் ஒரு தடவை வைத்தால், எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் தமிழில் தட்டச்சு செய்யலாம். பழைய கடிதங்கள் பாமினியிலோ வானவில்லிலோ இருந்தால் அந்த எழுத்துருக்களையும் உரிமம் பார்த்து இமேஜில் சேருங்கள், இல்லாவிட்டால் தமிழ்க் கடிதம் திறந்தால் ஆங்கில எழுத்துக் கோர்வையாக நிற்கும், புதிதாக வருபவர் ஃபைல் கெட்டுப்போனதாக நினைப்பார். பையருக்குப் போகும் ஆங்கில டாக்குமென்டுகளில் வரி உடையாமல் இருக்க, கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, டைம்ஸுக்கும் ஏரியலுக்கும் பதில் லிபரேஷன் எழுத்துருக்கள். அளவு ஒன்றாக இருப்பதால் பேக்கிங் லிஸ்ட் ஒரு பக்கத்திலிருந்து இரண்டாவது பக்கத்துக்கு வழியாது.

பிரின்டர் நெட்வொர்க் பிரின்டராக இருந்தால் லினக்ஸின் பிரின்டர் சாஃப்ட்வேரான கப்ஸ் (CUPS) பார்த்துக்கொள்ளும். டாட் மேட்ரிக்ஸை விண்டோஸ் பக்கமே விடுங்கள்.

இனி மிக முக்கியமானது. எல்லாம் ஒரே இடத்தில் என்றால், அந்த இடம் போனால் எல்லாம் போயிற்று. சர்வர் படுத்தால் 18 பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அன்றைக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளாக இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். டிஸ்க் மிரரிங் ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், யாரோ ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழித்துவிடும், ஆகவே அது பேக்கப் கிடையாது. போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியை வைத்து மணிக்கு ஒரு தடவை இன்னொரு மிஷினுக்கு, வாரம் ஒரு தடவை அலுவலகத்துக்கு வெளியே போகும் ஒரு டிஸ்குக்கு பேக்கப் எடுங்கள். அந்த “இன்னொரு மிஷின்” சாதாரண ஐ5 டெஸ்க்டாப்பாகவே இருக்கட்டும், அதில் எல்டிஎஸ்பியையும் அதே இமேஜையும் தயாராக வைத்து, சர்வர் விழுந்தால் அதற்கு சர்வரின் ஐபியைக் கொடுத்து எழுப்பும்படி வைத்திருங்கள். டிஸ்க்லெஸ் முறையில் சர்வர் வெறும் ஃபைல் கொடுப்பதால்தான் ஐ5 ஒன்று ஒரு நாளைச் சமாளிக்கும், தின் கிளையன்டாக இருந்தால் இரண்டாவது பெரிய சர்வரையே வாங்கி வைத்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் சர்வரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள், எப்படிச் செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி சர்வர் மேலேயே ஒட்டுங்கள், ஏனென்றால் அது விழும் நாளில் நீங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். சர்வர், சுவிட்ச் இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில், அந்த யுபிஎஸ் நட் (NUT) என்ற சாஃப்ட்வேர் மூலம் சர்வரோடு பேசட்டும், பேட்டரி தீருவதற்குள் சர்வர் தானே ஒழுங்காக அணையும்.

வெண்டரிடம் திரும்பிப் போய் இப்படிக் கேளுங்கள்: சர்வர் ஒன்று, பேக்கப் மிஷின் ஒன்று, ஜிகாபிட் சுவிட்ச், 18 ரேம், யுபிஎஸ், டாலிக்கு விண்டோஸ் லைசென்ஸ், அமைத்துக் கொடுக்கும் கூலி. பெட்டிகளை எடுத்துவிட்டுப் புது விலை கொடுக்கட்டும். கொடுக்க மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாற்றத்தை ஷிப்பிங் டாக்குமென்ட் போடும் மேசைகளில் மூன்றில் தொடங்குங்கள், அவர்கள் வேலை பிரவுசரும் பிடிஎஃபும்தான். ஒரு மாதம் ஓடட்டும், என்ன கேட்கிறார்கள் என்று எழுதி வைத்து இமேஜில் சேருங்கள், அதற்குப் பிறகு மெர்ச்சண்டைசர்கள், கணக்குப் பகுதி கடைசி. பழைய ஹார்ட் டிஸ்குகளை அதுவரை அழிக்க வேண்டாம், பூட் வரிசையை மட்டும் மாற்றினால் மிஷின் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடும் என்று தெரிந்தால் ஆட்களும் பயப்பட மாட்டார்கள். அப்படித் திரும்ப வேண்டி வந்தால் அந்த மிஷினை இன்டர்நெட்டோடு மட்டும் இணைக்காதீர்கள். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் நேரத்தில் கணக்குப் பகுதியைத் தொடவே தொடாதீர்கள், மே மாதம் பார்த்துக்கொள்ளலாம்.